நூனவுட் நாள்

நூனவுட் நாள் என்பது கனடாவின் வடகோடியில் உள்ள நூனவுட் ஆட்புலத்தில் ஆண்டுதோறும் ஜூலை 9ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் பொது விடுமுறை நாளாகும். அப்பகுதியின் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள், தங்கள் நிலத்தின் மீதான உரிமையையும் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் உரிமையையும் சட்டப்படி உறுதிசெய்துகொண்டதை இந்நாள் நினைவுகூர்கிறது. நூனவுட் நில உரிமை ஒப்பந்தச் சட்டம் 1993ஆம் ஆண்டு இதே நாளில் நடைமுறைக்கு வந்தது.

நூனவுட் ஒரு தனி ஆட்புலமாகப் பிறந்த நாள் இதுவன்று. அது 1999 ஏப்ரல் 1. ஒரு நாடோ மாநிலமோ உருவான நாளையே அதன் விழா நாளாகக் கொள்வது உலக வழக்கம். நூனவுட் மக்கள் அதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முந்தைய ஓர் ஒப்பந்தத்தின் நாளைத் தேர்ந்துகொண்டார்கள். ஏன் என்பது அந்த ஒப்பந்தத்தின் வரலாற்றைப் பார்த்தால்தான் விளங்கும்.

நிலமும் மக்களும்

இனுவிட் மக்களின் மொழியாகிய இனுக்டிடுட்டில் "நூனவுட்" என்ற சொல்லுக்கு "எங்கள் நிலம்" என்று பொருள். இதன் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கனடாவின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 36,858 பேர் மட்டுமே. அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இனுவிட் மக்கள். மக்கள் வாழும் ஊர்கள் 25. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை கிடையாது. ஆண்டு முழுவதும் விமானமே துணை. கோடையில் கடற்பனி உருகிய பிறகு சில மாதங்கள் சரக்குக் கப்பல்கள் வந்து போகும்.

"இனுவிட்" என்பது பன்மைச் சொல். மக்கள் என்று பொருள். ஒருவரைக் குறிக்க "இனுக்" என்பார்கள். நம் பழைய பாடநூல்களில் இம்மக்கள் "எஸ்கிமோக்கள்" என்றே குறிக்கப்பட்டனர். அது பிறர் இட்ட பெயர். கனடாவில் அப்பெயர் இன்று மரியாதைக் குறைவானதாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டுள்ளது.

ஒப்பந்தத்துக்கு முந்தைய காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இனுவிட் குடும்பங்கள் பருவத்துக்கேற்ப இடம்மாறி, சீல், கரிபு மான், மீன் ஆகியவற்றை வேட்டையாடி வாழ்ந்தன. அரசின் பிடி இறுகியது அதன் பின்னரே. இனுவிட் மக்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. ஒருவரின் பெயரை எழுதவும் உச்சரிக்கவும் அதிகாரிகளுக்குக் கடினமாக இருந்தது. எனவே 1940களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. எண் பொறித்த சிறு வட்ட வில்லையைக் கழுத்தில் கோத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பதிவேடுகளில் பெயரின் இடத்தை அந்த எண் பிடித்துக்கொண்டது. 1970ஆம் ஆண்டை ஒட்டி ஏப் ஒக்பிக் என்ற இனுவிட் தலைவர் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு குடும்பமும் தனக்கு விருப்பமான குடும்பப் பெயரைப் பதிவுசெய்ய உதவிய பிறகே இந்த முறை முடிவுக்கு வரத் தொடங்கியது.

இதைவிடக் கொடிய நிகழ்வு 1953இலும் 1955இலும் நடந்த இடமாற்றம். கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரின் குடும்பங்களை அரசு கப்பலில் ஏற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே ரெசொலூட், கிரைஸ் ஃபியோர்ட் ஆகிய இடங்களில் குடியமர்த்தியது. அங்கு வேட்டை நன்றாகக் கிடைக்கும், பிடிக்கவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் குளிர்காலத்தில் சூரியனே மாதக்கணக்கில் எழாது. பழகிய விலங்குகளும் இல்லை, தாவரங்களும் இல்லை. திரும்பிச் செல்லலாம் என்ற வாக்குறுதியும் காப்பாற்றப்படவில்லை. ஆர்க்டிக் தீவுகள் தன்னுடையவை என்று உலகுக்குக் காட்ட, அங்கு மனிதர்கள் வாழ்வது கனடாவுக்குத் தேவைப்பட்டது என்பதே இனுவிட் மக்களின் குற்றச்சாட்டு. கனடா அரசு இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2010ஆம் ஆண்டில்தான்.

அவ்வாறு ரெசொலூட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவர்களில் ஒருவர் ஜான் அமகோலிக். பிற்காலத்தில் "நூனவுட்டின் தந்தை" என்று அழைக்கப்பட்டவர் இவரே.

இனுவிட் குழந்தைகள் விடுதிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டுத் தாய்மொழி பேசத் தடுக்கப்பட்டதும், குடும்பங்கள் நிலையான ஊர்களில் குடியேற்றப்பட்டதும், சறுக்குவண்டி இழுக்கும் நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். நாய்கள் இல்லையென்றால் பனிப்பரப்பில் வேட்டைக்குப் போக வழியில்லை. பாஃபின் தீவுப் பகுதியில் நடந்த இந்த நாய்க் கொலைகளுக்கு அரசு 2019இல் மன்னிப்புக் கேட்டது.

வரைபடத்தில் தொடங்கிய போராட்டம்

1971இல் கனடாவின் இனுவிட் மக்கள் இனுவிட் டாபிரிசாட் என்ற தேசிய அமைப்பைத் தொடங்கினர். டாகாக் கர்லி அதன் முதல் தலைவர். 1973இல் கனடா உச்ச நீதிமன்றம் நிஸ்கா பூர்வகுடியினரின் வழக்கில், பூர்வகுடிகளுக்குத் தங்கள் நிலத்தின் மீது சட்டப்படியான உரிமை இருக்கக்கூடும் என்ற கருத்தை ஏற்றது. அதன் பிறகே நில உரிமைக் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்க அரசு முன்வந்தது.

ஆனால் ஒரு கேள்வி இருந்தது. வேலி இல்லை, வயல் இல்லை, பத்திரம் இல்லை. பனிப்பரப்பு தங்களுடையது என்பதை எப்படி மெய்ப்பிப்பது? இதற்கு இனுவிட் மக்கள் கண்ட வழி மிக எளியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களிடம் நிலவரைபடங்கள் கொடுக்கப்பட்டன. தாம் எங்கே சீல் பிடித்தோம், எந்த வழியாகக் கரிபு மான்களைப் பின்தொடர்ந்தோம், எந்த ஆற்று முகத்தில் மீன் பிடித்தோம் என்பதை ஒவ்வொருவரும் தம் வாழ்நாள் நினைவிலிருந்து வரைந்து காட்டினர். இந்தக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வெறுமையானது என்று பிறர் நினைத்திருந்த நிலத்தில் மனிதர் நடமாடாத பகுதி சிறிதளவே எஞ்சியது. மில்டன் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் பொறுப்பில் நடந்த இப்பணி 1976இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் இனுவிட் டாபிரிசாட், நூனவுட் என்ற தனி ஆட்புலத்துக்கான முதல் கோரிக்கையை அரசிடம் அளித்தது.

நிலம் பற்றிப் பேசலாம், ஆட்சி பற்றி அந்த மேசையில் பேச முடியாது என்பதே அரசு நெடுங்காலம் சொல்லிவந்த பதில். இரண்டும் ஒன்றாகவே வரவேண்டும் என்பதில் இனுவிட் தரப்பு விடாப்பிடியாக நின்றது. அப்போது இப்பகுதி முழுவதும் வடமேற்கு ஆட்புலங்களின் பகுதியாக இருந்தது. அதனை இரண்டாகப் பிரிக்கலாமா என்று 1982 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் 56 விழுக்காட்டினர் ஆம் என்றனர். அதே ஆண்டு பேச்சுவார்த்தைகளை நடத்துவதற்கென்றே நூனவுட் டுங்காவிக் கூட்டமைப்பு உருவானது. 1990 ஏப்ரலில் இக்லூலிக் என்னும் ஊரில் கொள்கை அளவிலான உடன்பாடு கையெழுத்தானது. 1992 மே மாதம் எல்லைக்கோட்டுக்கு ஒரு வாக்கெடுப்பு. அவ்வாண்டு நவம்பரில் இனுவிட் மக்கள் மட்டும் வாக்களித்த மற்றொரு வாக்கெடுப்பில், தகுதியுள்ள வாக்காளர்களில் 69 விழுக்காட்டினர் ஒப்பந்தத்தை ஏற்றனர். வாக்களிக்க வராதவர்களின் வாக்கும் எதிர்வாக்காகவே எண்ணப்பட்ட நிலையில் கிடைத்த ஆதரவு இது.

1993 மே 25 அன்று இக்கலூயிட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரதமர் பிரையன் மல்ரோனி நேரில் வந்து கையெழுத்திட்டார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரு சட்டங்களுக்கு ஜூன் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. ஒன்று ஒப்பந்தத்துக்குச் சட்ட வலிமை தந்தது. மற்றொன்று புதிய ஆட்புலத்தை உருவாக்க வழிசெய்தது. இவற்றில் முதலாவது ஜூலை 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

பெற்றதும் கொடுத்ததும்

ஒப்பந்தத்தின்படி ஏறத்தாழ 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலம் இனுவிட் மக்களுக்குச் சொந்தமானது. அதில் சுமார் பத்தில் ஒரு பங்கில் மட்டுமே நிலத்தடிக் கனிமங்களின் உரிமையும் சேர்ந்தது. 14 ஆண்டுகளில் 110 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை, அரசு நிலத்தில் எடுக்கப்படும் கனிமங்களின் உரிமத் தொகையில் ஒரு பங்கு, வனவிலங்கு, நீர், நிலப் பயன்பாடு ஆகியவற்றை முடிவுசெய்யும் வாரியங்களில் இடம் ஆகியனவும் கிடைத்தன. நான்காம் பிரிவில் நூனவுட் என்ற புதிய ஆட்புலமும் அதற்கான அரசும் அமையும் என்ற உறுதிமொழி இடம்பெற்றது. பல ஆண்டுகள் மறுக்கப்பட்ட இணைப்பு அது.

இதற்கு ஈடாக இனுவிட் மக்கள் எதைக் கொடுத்தார்கள் என்பது விழா உரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. நிலத்தின் மீதும் நீரின் மீதும் தங்களுக்கு இருந்த பூர்வகுடி உரிமை முழுவதையும் அரசுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம் கூறுகிறது. யாரிடமும் தோற்றோ, விற்றோ, ஒப்பந்தம் எழுதியோ இழந்திராத நிலம் அது. தெளிவற்ற ஓர் உரிமையைக் கொடுத்துத் தெளிவாக எழுதப்பட்ட உரிமைகளைப் பெறுவதா என்பதே 1992 வாக்காளர்களின் முன் நின்ற கேள்வி. ஆம் என்று வாக்களித்தவர்களிலும் இது எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்காது.

ஏன் ஜூலை 9?

ஏப்ரல் 1 என்பது கனடா அரசின் நிதியாண்டு தொடங்கும் நாள். புதிய நிர்வாகம் இயங்கத் தொடங்குவதற்கு அது வசதியான நாள். அதற்குமேல் அந்நாளுக்குத் தனிச்சிறப்பு இல்லை. ஜூலை 9 குறிப்பதோ நில உரிமை ஒப்பந்தத்தை. சட்ட நிலையிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. நூனவுட் ஆட்புலம் நாடாளுமன்றத்தின் ஒரு சாதாரணச் சட்டத்தால் உருவானது. நில உரிமை ஒப்பந்தத்துக்கோ கனடா அரசியலமைப்பின் 35ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. நாடாளுமன்றம் அதைத் தன் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. ஆட்புலம் கிளை என்றால் ஒப்பந்தமே வேர்.

இன்னொன்றும் உண்டு. நூனவுட் அரசு இனுவிட் மக்களுக்கு மட்டுமான அரசு அன்று. அங்கு வாழும் எந்தக் கனடியக் குடிமகனும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். மக்களில் பெரும்பான்மையினர் இனுவிட் என்பதால் பொது அரசே தங்கள் அரசாக அமையும் என்று கருதி அவர்கள் இம்முறையை ஏற்றனர். அதற்கு வெளியே, ஒப்பந்தத்தின் பயனாளிகளான இனுவிட் மக்களின் சார்பில் அதன் நடைமுறையைக் கண்காணிக்கும் தனி அமைப்பு ஒன்று உண்டு. நூனவுட் டுங்காவிக் நிறுவனம் என்பது அதன் பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பலரும் செய்யும் பிழை.

நூனவுட் நாள் விடுமுறையும் இந்த அமைப்பிலும் வட்டார இனுவிட் சங்கங்களிலும்தான் தொடங்கியது. முதலில் அவற்றின் ஊழியர்களுக்கு மட்டும் ஊதியத்துடன் விடுமுறை அளிக்கப்பட்டது. 1999இல் ஆட்புல அரசு ஊழியர்களுக்கு அரைநாள் விடுமுறையும் 2001இல் முழுநாள் விடுமுறையும் கிடைத்தன. தனியார் நிறுவனங்கள் விரும்பினால் விடுமுறை அளித்தன. 2020ஆம் ஆண்டில்தான் சட்டப்படியான பொது விடுமுறையானது.

கொண்டாட்டம்

ஜூலையில் நூனவுட்டின் பெரும்பகுதியில் சூரியன் மறைவதே இல்லை, அல்லது சற்று நேரமே மறைகிறது. தலைநகர் இக்கலூயிட்டில் பகல் வெப்பம் பத்துப் பாகையை ஒட்டி இருக்கும். அங்கு அது நல்ல கோடை. எனவே விழா பெரும்பாலும் திறந்தவெளியில் நடக்கிறது.

பொது நிகழ்ச்சிகள் குல்லிக் விளக்கை ஏற்றித் தொடங்குவது வழக்கம். மாக்கல்லில் குடைந்த, அரைவட்ட வடிவான விளக்கு இது. சீல் கொழுப்பே எண்ணெய். பாசியும் ஆர்க்டிக் பருத்திப் பூவும் திரி. ஒரு காலத்தில் பனிவீட்டில் வெளிச்சம், சூடு, சமையல், ஈரத் துணியை உலர்த்துதல் அனைத்துக்கும் இந்த ஒரு விளக்குதான். அதைக் காப்பது பெண்களின் பொறுப்பு. இன்றும் வயதில் மூத்த பெண்மணி ஒருவரே அதை ஏற்றுகிறார்.

ஊர் விருந்தே நாளின் மையம். தரையில் அட்டைகளை விரித்து, சீல் இறைச்சி, கரிபு, ஆர்க்டிக் சார் மீன், திமிங்கிலத் தோலும் கொழுப்பும் சேர்ந்த மக்டக் ஆகியவற்றைப் பச்சையாகவோ உறைந்தோ வைப்பார்கள். மக்கள் சுற்றி அமர்ந்து, உலு என்னும் பிறைவடிவக் கத்தியால் வேண்டியதை அறுத்து உண்பார்கள். விமானத்தில் வரும் கடைப்பொருள்களின் விலை மிக அதிகம் என்பதால், வேட்டை உணவைப் பகிர்வது இங்கு வெறும் சடங்கு அன்று.

போட்டிகளும் உண்டு. நிலத்தில் வளரும் சிறு புதர்களைக் கொண்டு தீ மூட்டி முதலில் தேநீர் கொதிக்க வைப்பவர் யார் என்பது ஒன்று. பானக் என்னும் ரொட்டி சுடும் போட்டி மற்றொன்று. தேநீரும் ரொட்டியும் அக்கார்டியன் இசைக்கு ஆடும் சதுர நடனமும் ஸ்காட்லாந்துத் திமிங்கில வேட்டையரிடமிருந்தும் வணிகரிடமிருந்தும் வந்தவை. பல தலைமுறைகளாகப் பழகி இன்று அவை இனுவிட் பண்பாட்டின் பகுதியாகிவிட்டன.

மேள நடனத்தில் ஆடுபவரே அகன்ற வட்ட மேளத்தைப் பிடித்து, தோலில் அல்லாமல் சட்டத்தின் விளிம்பில் தட்டுவார். சுற்றி நிற்போர் பாடுவர். தொண்டைப் பாட்டில் இரு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று, மூச்சையே தாளமாக்கி மாறிமாறி ஒலி எழுப்புவர். முதலில் சிரித்துவிடுபவர் அல்லது மூச்சு வாங்குபவர் தோற்றவர். கிறித்தவ மதகுருமார்களின் எதிர்ப்பால் இது பல ஊர்களில் அற்றுப்போகும் நிலையை எட்டியது. மூதாட்டிகளிடம் கற்று இளம்பெண்கள் இதை மீட்டெடுத்துள்ளனர்.

மொழியின் நிலை

விழாப் பதாகைகளில் காணப்படும் இனுக்டிடுட் எழுத்துகள் தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வகையில் புரியக்கூடியவை. தமிழின் உயிர்மெய் போலவே அங்கும் ஓர் எழுத்து மெய்யையும் உயிரையும் சேர்த்துக் குறிக்கிறது. கொம்பும் காலும் சேர்ப்பதற்குப் பதில் எழுத்தையே திருப்பி வைக்கிறார்கள்: வடிவம் மெய்யைச் சொல்கிறது, அது நோக்கும் திசை உயிரைச் சொல்கிறது. தனி மெய்க்கு, புள்ளிக்குப் பதில், எழுத்து சிறியதாக மேலே எழுதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கிரீ மொழிக்காக மதப்பரப்புநர்கள் வகுத்த எழுத்துமுறையிலிருந்து வந்தது இது. நூனவுட்டின் மேற்குப் பகுதியில் மட்டும் ரோமன் எழுத்து வழங்குகிறது.

2008இல் இயற்றப்பட்ட சட்டங்கள் இனுவிட் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதியும் பாதுகாப்பும் அளித்தன. பள்ளிகளில் எல்லா வகுப்புகளிலும் அம்மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற இலக்கு மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. போதிய ஆசிரியர்கள் இல்லை என்று கூறி, 2020இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் அதை 2039 வரை ஒத்திவைத்தது. இதனை எதிர்த்து நூனவுட் டுங்காவிக் 2021இல் நூனவுட் அரசு மீதே வழக்குத் தொடுத்தது. பெரும்பான்மை இனுவிட் உறுப்பினர்களைக் கொண்ட அரசும் இனுவிட் மக்களின் அமைப்பும் எதிரெதிரே நிற்கும் வழக்கு இது.

நிறைவேறாத உறுதிமொழிகள்

ஒப்பந்தத்தின் 23ஆம் பிரிவு, அரசுப் பணிகளில் இனுவிட் மக்கள் தங்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப இடம்பெற வேண்டும் என்கிறது. அதாவது ஏறத்தாழ 85 விழுக்காடு. நடைமுறையில் அது பல ஆண்டுகளாகப் பாதியை ஒட்டியே நிற்கிறது; உயர் பதவிகளில் இன்னும் குறைவு. 2006இல் இதை ஆராய்ந்த முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர், சிக்கலின் வேர் பள்ளியில் உள்ளது என்றார். தாய்மொழி, ஆங்கிலம் இரண்டிலும் உறுதியான கல்வி இல்லாமல் இந்த இலக்கை எட்ட முடியாது என்பது அவர் முடிவு. அதே ஆண்டின் இறுதியில் நூனவுட் டுங்காவிக் 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டுக் கனடா அரசின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2015இல் 25.55 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதில் பெரும்பகுதி தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது.

வீட்டுத் தட்டுப்பாடும் நெரிசலும் கடுமையாகவே தொடர்கின்றன. மாகாணங்களுக்கு உள்ளது போல் நிலம், கனிமம் ஆகியவற்றின் மீதான நிர்வாக அதிகாரமும் நூனவுட் அரசுக்கு நெடுங்காலம் இல்லை. அவற்றைப் பற்றிய முடிவுகள் ஒட்டாவாவிலேயே எடுக்கப்பட்டன. 2024 ஜனவரி 18 அன்று இக்கலூயிட்டில் கனடா அரசும் நூனவுட் அரசும் நூனவுட் டுங்காவிக்கும் அதிகார ஒப்படைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒப்படைப்பு முழுமையடையக் குறிக்கப்பட்டுள்ள நாள் 2027 ஏப்ரல் 1.